வைஃபைக்கு நாலு கதவு வைத்தவர்

உலகத்தில் எத்தனையோ பேர் வீட்டுக்கு இன்டர்நெட் வாங்கியிருக்கிறார்கள். அது உள்ளே வருவதற்கு முன் அதற்குப் பாதுகாப்புப் பரிசோதனை நடத்திய ஒரே மனிதர், சிவகாசியில் எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்த போர்மேன்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேள்விப்பட்டதில்லை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ரேஷன் கடையிலும் போர்மேன், கோயில் வரி கேட்டு வருகிறவர்களுக்கும் போர்மேன். அவர் மனைவியே, "போர்மேன் குளிக்காக, செத்த உக்காருங்க" என்றுதான் சொல்வார். நான் அவரை அண்ணாச்சி என்றும் அந்த அம்மாவை மதினி என்றும் கூப்பிட்டு வந்தேன்.

பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவே வெறும் நிலம் விடுவார்கள். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றது தப்பிக்க வேண்டும். போர்மேன் தன் வீட்டையும் அப்படியே கட்டியிருந்தார். வீடு ஓரிடம், அடுப்படி ஓரிடம், குளியலறை இன்னோரிடம். எங்களுக்கு விட்ட ஒற்றை அறை எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம், தோட்டத்தின் கடைசியில் இருந்தது. வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு. அறையின் நாலு சுவரிலும் நாலு தகரக் கதவு. நாலும் வெளிப்பக்கம் திறக்கும், ஒன்றுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. குடித்தனம் பண்ணுகிற அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தாப்பா போட்ட ஷெட்டுல இருந்து எவனும் வெளிய வந்ததில்ல தம்பி" என்றார்.

ஒரு கதவை உள்ளே அரிசி மூட்டையோடு சேர்த்தும் மற்ற மூன்றை வெறும் கயிற்றாலும் இழுத்துக் கட்டிக்கொண்டு குடித்தனம் தொடங்கினோம்.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தாலும் சேர்ந்து குடியிருப்பது அதுதான் முதல் தடவை. மாரீஸ்வரி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வேலை ஒரு ஊரில், எனக்குச் சென்னையில். பேருந்து நிலையங்களிலேயே பாதிக் குடித்தனம் நடந்தது. ஒருவழியாக அவளுக்குச் சிவகாசிக்கு மாற்றல் கிடைத்தது, எனக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. கடைக்காரர்களுக்குக் கம்ப்யூட்டரில் பில் போடுவதைத் திரை வழியாகச் சொல்லிக்கொடுக்கிற வேலை. மேலாளர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். லைன் அறுந்துகொண்டே இருந்தால் சென்னைக்கே திரும்பி வந்துவிட வேண்டும்.

அறையில் செல்போன் சிக்னல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். தனி இணைப்புக் கேட்டால், கதவு எண் இல்லாத கட்டடத்துக்குத் தர முடியாது என்றார்கள். நாலு கதவு இருந்தது, ஒன்றுக்கும் எண் இல்லை. சரி, போர்மேன் வீட்டில் மோடத்தை வைத்து அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர் பளபளப்பான பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தார். போர்மேன் அவரை வாசலிலேயே மறித்து, பருத்தித் துணி உடுத்தினால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்லி, தன்னுடைய பழைய காக்கிச் சட்டையைக் கொடுத்தார். அடுத்து, வாசல் தூணில் அடித்திருந்த செம்புத் தகட்டை இரண்டு கையாலும் தொடச் சொன்னார். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க வேண்டுமாம். கடைசியாகப் போனை வாங்கி மதில்மேல் வைத்தார். அந்த இளைஞருக்கோ போனில் வருகிற எண்ணைப் பார்க்காமல் இணைப்புக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் தெருவுக்கு ஓடி எண்ணைப் பார்த்து, அதை முணுமுணுத்துக்கொண்டே ஓடிவந்து, மறுபடி தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். போகும்போது காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்திலேயே போர்மேன் ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து வைத்தார்.

மண்மேட்டைத் தாண்டி என் அறைக்கு வந்து சேர்ந்த இன்டர்நெட் பத்தியம் இருக்கிறவர் சாப்பிடுகிற அளவுதான். போர்மேன் யோசித்துவிட்டு, வருவதற்கு வழி வேண்டுமல்லவா என்று நாலு கதவையும் திறந்துவைத்தார். தகரம் விலகியதில் லைன் கொஞ்சம் நன்றாகவே வந்தது. அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் கோயில் நடை திறப்பதுபோல வந்து திறந்துவிட்டுப் போவார். கிழக்கு வாசல் வழியாக வைஃபை வரும், மேற்கு வாசல் வழியாக ஆடு வரும். கோயம்புத்தூர் இனிப்புக் கடைக்காரர் ஒருவர் வெகு நாள் வரைக்கும் என்னைக் கால்நடைத் துறை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் உச்சிப்பொழுதில் மட்டும் லைன் சுத்தமாகச் செத்துப்போகும். அது ஒரு விசித்திரமான நேரம். தகரக் கதவுகளுக்கு அப்பால் வெயில் பாலாகக் காயும். வேப்பம்பூ மேசைமேல் உதிரும். திரையில் கடைக்காரர்கள் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார்கள். ஊரே கண்ணை மூடிக்கொண்டதுபோல இருக்கும், நானும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மிதப்பேன். ஒருநாள் தூக்கத்தை உதறிவிட்டு வீட்டுக்கு நடந்து போய்ப் பார்த்தேன். மோடத்தின்மேல் ஈரச் சாக்கு. ஸ்விட்ச் அணைந்திருந்தது.

"வெயில் ஏறிருச்சுல்ல தம்பி. இந்த நேரத்துல மருந்து வேலை பார்க்கக் கூடாது" என்றார் போர்மேன். பட்டாசில் போடுகிற ரசாயனத்தைத்தான் மருந்து என்பார்கள். இதில் மருந்தே இல்லை என்று நான் விளக்கினேன். சூடாகிறதா இல்லையா என்று கேட்டார். ஆகிறது என்றேன். பின்னே என்ன என்று விசிறியை எடுத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

வீட்டிலிருந்து அறைக்கு ஒரு வயரைப் புதைத்து இழுத்து, இங்கே இன்னொரு மோடம் வைத்தால் எல்லாம் சரியாகும் என்று இன்டர்நெட் கம்பெனியில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் போர்மேன் முகம் மாறிவிட்டது.

"அங்கன பிடிச்சது இங்கன வரக் கூடாது. அம்புட்டுதான் தம்பி நான் பார்த்த தொழில். இப்ப நானே அங்கன இருந்து இங்கன திரி இழுக்கவா?"

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். மதினிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கும் போர்மேனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயத்தில் நடந்ததைச் சொன்னார். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்துப் போயிற்று. சாப்பாட்டு நேரம், அதில் ஆள் இல்லை. அங்கேயே வேலை பார்த்த மதினி அடுத்த ஷெட்டில் இருந்தார். "நடுவுல மண்மேடு இருந்துச்சு. நானும் இருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு அந்த மேட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மேலாளருக்கு வாய் வந்தது. அடுத்த வாரம் முழுக்க லைன் அறாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சென்னை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். மாரீஸ்வரி என் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். காலையில் கதவு திறக்க வந்த போர்மேன் பையைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று அவளிடம் கேட்டார்.

"அவுக திரும்பச் சென்னைக்குப் போறாக அண்ணாச்சி. பளையபடி நான் இங்கன, அவுக அங்கன."

"சென்னை எம்புட்டு தூரம் தாயி?"

"ஒரு ராத்திரி பஸ்ஸு."

போர்மேன் மண்மேட்டைத் திரும்பிப் பார்த்தார். "பட்டாசுக்கே நாங்க அம்புட்டு தூரம் விட மாட்டோம் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. மேட்டின் குறுக்கே அவரே வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். இணைப்புக்கார இளைஞரை வரச் சொன்னோம். அவர் போனை மதில்மேல் வைத்துவிட்டு, தகட்டைத் தொட்டுவிட்டு, அந்தக் காக்கிச் சட்டையோடு உள்ளே வந்தார். வயர் மேட்டை எட்டியபோது போர்மேன் மெதுவாக அவரிடம் கேட்டார்: "நடுவுல ஒரு சாண் விட்டுப் போட முடியுமா?" விட்டால் வேலை செய்யாது என்றார் இளைஞர். போர்மேன் மண்மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, சேத்துரு" என்றார்.

அந்த வாரம் முழுக்க லைன் அறவில்லை. உச்சிப்பொழுதிலும் மோடம் எரிந்தது. ஈரச் சாக்கைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயர் புதைந்த மேட்டின்மேல் போர்மேன் காவல் இருந்தார். மதினி சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். திறந்த கதவு வழியாக எனக்கு அவர் முதுகு தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், இனிமேல் அங்கேயே இருந்துகொள்ளலாம் என்று மேலாளர் சொன்னபோது, நாரணாபுரம் பக்கம் ஏதோ கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் போகாத வானத்தில் பச்சைப் பூ விரிந்தது, சத்தம் வெகுநேரம் கழித்து வந்தது. வேலை முடிந்து வந்த மாரீஸ்வரி சீருடையோடு போர்மேன் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு உட்கார இடம் விட்டார்.

பிற்பாடு மாரீஸ்வரிக்குக் காரியாபட்டிக்கு மாற்றல் வந்தது. காலி செய்யும்போது வயரைத் தோண்டி எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும் தம்பி. என்னைக்காவது வருவீகள்ல" என்றார் போர்மேன்.

இப்போது இருக்கிற வீட்டில் எல்லா அறையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் உண்டு. லைன் அறுந்தால் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். வெளியே மணல் வாளியோடு அவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்கிறேன்.