குத்தமெல்லாம் போன் மேலதானுங்க

மரியாதைக்குரிய காரமடைச் சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும், தொண்டாமுத்தூர் தம்பிதுரை கும்பிட்டு எழுதுவது. இங்கே மனுசர், மாடு, தென்னை எல்லாம் சௌக்கியம். வாழை மட்டும் இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். போன் பண்ணாமல் இந்த ஆள் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். காரணமே போன்தானுங்க.

கல்யாணமாகி மூன்று வருசமாகியும் பேரன் பேத்தி இல்லையென்று உங்கள் மகள் லோகப்பிரியாவை நாம் கூட்டிப்போகாத கோயில் இல்லை. கோயமுத்தூர் டாக்டரம்மா என்னடாவென்றால், அவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, இனி உங்கள் மகனுக்கு டெஸ்ட் எடுங்கள் என்கிறார். எங்க வம்சத்து ஆம்பளைக்கு டெஸ்டா? வந்த கோபத்தில் மூக்குக்கண்ணாடியை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நல்லவேளை, அன்றைக்கே வாட்சப்பில் ஒரு செய்தி. பேன்ட் பாக்கெட்டில் போன் வைத்தால் அதன் கதிர்வீச்சு ஆண்களுக்கு ஆகாதாம். கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டேன்! பாத்தீங்களா, குத்தம் எங்க கிருபாசங்கர் மேல இல்லீங்க, போன் மேல! உடனே வீட்டிலிருந்த போனையெல்லாம் புடுங்கி மஞ்சப்பையில் போட்டு, கட்டுத்தரையில் மாட்டுக்கு மேலே தொங்கவிட்டுப்போட்டேன். தோட்டத்து மோட்டாரைப் போனில்தான் நிறுத்தணும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதுக்குள்ள பக்கத்துத் தோட்டத்து மாசாணத்தின் சின்ன வெங்காயம் மிதந்துபோச்சு, அவன் வரப்பில் நின்று பேசியதை இதில் எழுத முடியாது. அந்த ஈரம் காயறதுக்குள்ள யானை இறங்குதுன்னு ஊர் குரூப்புல சேதி வந்திருக்குது, அது எங்க மாட்டுக்கு மட்டும்தான் கேட்டுது. வாழை பூராப் போச்சுங்க. போனாப் போகுது, வம்சம் பெருசா, வாழை பெருசா?

ஆகவே பையனுக்கு டெஸ்ட் தேவையில்லை. வர்ற அமாவாசைக்கு நீங்க வந்து பொண்ணை இன்னொருக்காக் கொடுமுடிக்குக் கூட்டிப்போய்ப் பரிகாரம் செஞ்சுபோடுங்க. இப்பெல்லாம் கோயில்னாலே அவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா. நீங்கதான் புத்தி சொல்லோணும்.

உங்கள் ஊர் ரங்கநாதர் நம் இரண்டு குடும்பத்தையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தம்பிதுரை

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் மாட்டு டாக்டர் வந்தார். மாடு இந்தத் தடவையும் சினை பிடிக்கவில்லையாம். "ஏனுங்க டாக்டர், எம்மாட்டுல ஒரு குறையும் இல்லீங்க. நீங்க போட்ட ஊசி எந்தக் காளையோடதுங்க? மொதல்ல அந்தக் காளையப் பாருங்க!" என்று சத்தம் போட்டேன். மாட்டுக்குச் சோளத்தட்டு எடுத்து வந்த லோகப்பிரியா அப்படியே நின்றாள். "ஏனுங் மாமா, மாட்டுக்குன்னா மட்டும் மொதல்ல காளையப் பாக்கோணுங்களா?" என்றாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கொடுமுடிக்கு வர வேண்டாம். நாளைக்குக் கிருபாசங்கரை டாக்டரம்மாகிட்டக் கூட்டிப்போறேன். எங்கண்ணாடியும் அங்கதான் இருக்குதுங்க.