உங்க பக்கத்து என்சைம்

வாசகரே, உலகில் பக்கம் பிரிக்கிறவர்கள் என்றோர் இனம் உண்டு. குழந்தை பிறந்து தொப்புள் ஈரம் காய்வதற்குள், மூக்கு யார் பக்கம், காது யார் பக்கம் என்று பாகப்பிரிவினையை முடித்துவிடுவார்கள். கணக்கில் முதல் மதிப்பெண்ணா? அப்பா வழி. செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாளா? அம்மா வழி. சொத்தில்கூட விட்டுக்கொடுப்பார்கள்; வம்சப் பெருமையில் ஓர் அங்குலம் தரமாட்டார்கள்.

நம்முடைய மோட்டார் மெக்கானிக் இந்த இனத்தின் தலைமகன். இத்தனை ஆண்டுகளாக அவருடைய தீர்ப்புகளைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிப் பழகிய மனைவிக்கு, மகள் விஷயம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. கல்லூரி முடித்த பெண். தாடையில் முடி, முகமெல்லாம் பரு. மாதவிலக்கோ நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிற விருந்தாளி. காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முடி பிடுங்கும் இடுக்கியோடு அவள் நிற்கிற நேரம் நீண்டுகொண்டே போயிற்று.

டாக்டர் விளக்கினார். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பியில், ஹார்மோன் தயாரிக்கிற ஓர் என்சைம் சோம்பிவிட்டது. தேங்கிய சரக்கெல்லாம் ஆண் ஹார்மோனாகத் திரும்புகிறது. அந்த என்சைமுக்கான மரபணுவில் இரண்டு மாற்றங்கள் தெரிகின்றன. பெற்றோரில் ஆளுக்கொன்றாக வந்திருந்தால் நோய் உறுதி, மாத்திரை தொடங்கலாம். அதற்கு இருவருடைய ரத்தமும் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மெக்கானிக் ஆரம்பித்தார்.

“எங்க பக்கத்துல இந்த மாதிரி எதுவும் கிடையாது. எங்க அக்கா கன்னத்தப் பாரு, கண்ணாடி!”

“வாரா வாரம் பார்லர்ல அந்தக் கண்ணாடியத்தான தொடைக்கிறாங்க?”

“இது உங்க பக்கத்து என்சைம்டி. வேலை செய்யாம உக்காந்திருக்குன்னு சொன்னதுமே உன் தம்பி ஞாபகம்தான் வந்துச்சு.”

“அப்பா, எனக்கு மாத்திரை வேணும்,” என்றாள் மகள். “யார் பக்கம்னு அப்புறமா சண்டை போட்டுக்கோங்க.”

ரத்தம் கொடுக்க அவர் அசையவில்லை. ஆனால் எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று மெக்கானிக்கின் மனைவிக்குத் தெரியாதா?

“நீங்க ரத்தம் குடுத்தா, உங்க பக்கம் சுத்தம்னு அச்சடிச்சே குடுத்துருவாங்க. என் வாய அடைச்சிடலாம்.”

மறுநாள் பரிசோதனைக்கூடம் திறக்கும் முன்பே, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

முடிவு வந்தது: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. டாக்டர் மாத்திரை எழுதினார். சீட்டின் மை காய்வதற்குள் மகள் மருந்துக்கடைக்கு ஓடிவிட்டாள். நம்மவர் மட்டும் நாற்காலியை விடவில்லை.

“டாக்டர், எங்க பக்கத்துது கொஞ்சம் லேசானதுதான?”

“இல்லைங்க. லேசானது அம்மா குடுத்தது. கடுமையான மாற்றம் உங்களோடது.”

மனைவி அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் சுருங்கியது. பிறகு மெல்ல மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாத்தியா? இதுலயும் எங்க பக்கத்துக்குத்தான் பவர் ஜாஸ்தி!”

சிரிக்கிறீர்கள். சரி, இதைப் படிக்கும்போது ‘இந்த ஆளை எனக்குத் தெரியுமே’ என்று உங்களுக்கு ஒரு முகம் தோன்றியிருக்குமே? உண்மையைச் சொல்லுங்கள், அது உங்கள் பக்கத்து முகமா?