மூக்கு அண்ணாச்சியும் எங்கள் மத்தியானச் சோறும்

எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றியது வாசல் காவல்காரரின் மூக்கு. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்த டாக்டரிடம் ஏழு வருடம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன்.

பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். காவல்காரருக்கும் பெயர் உண்டுதான், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மூக்கு அண்ணாச்சி. ஒரு மூலை திரும்பினால் மூக்கு முதலில் வரும், ஆள் பின்னால் வருவார்.

டைபாய்டுக்கு அப்போது மருந்து கிடையாது. மூன்று வாரம் படுக்கை, கஞ்சித் தெளிவு, பார்லித் தண்ணீர், நர்ஸின் கை, அவ்வளவுதான். குடல் புண்ணாகிக் கிடக்கும்போது கெட்டியாக எதையாவது தின்றால் குடல் ஓட்டையாகி ஆள் போய்விடுவான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எங்கள் ஊர் ஜனத்துக்கு ஏறாது. ஒரு வாய் மீன் இல்லாமல் உடம்பு எப்படித் தேறும் என்பார்கள். ஒளித்துக் கொண்டுவந்து ஊட்டுவது அவர்கள். ஆள் செத்தால், "நர்ஸு கவனிக்கல்ல" என்று மண்ணை வாரித் தூற்றுவது எங்களை.

அதைத் தடுத்தது அந்த மூக்குதான். ஒருவர் கொளுத்துகிற வெயிலில் சுருட்டிய குடையோடு வந்தார். அண்ணாச்சி குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஓய், குடையில மழை வாடைல்லா வரணும்? இதுல என்னவே நெத்திலி வாடை வருது?"

குடையைப் பிடுங்கி விரித்தார். வறுத்த நெத்திலி மழையாகப் பெய்தது.

இன்னொருத்தி இடுப்பில் தூங்கும் குழந்தையோடு வந்தாள். குழந்தையைச் சுற்றிய துணிக்குள் அவித்த மரச்சீனிக் கிழங்கு.

"என்னட்டீ, பிள்ளைக்கு முதுகு இந்தக் கொதி கொதிக்கு?"

"அதுக்கும் காய்ச்சலு அண்ணாச்சி."

"தேங்கா போட்டுத் தாளிச்ச காய்ச்சலை இண்ணைக்குத்தான் பாக்கேன்."

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். நாற்பது கட்டில். பகலில் இரண்டே நர்ஸுகள், நானும் எஸ்தரும். காய்ச்சல் பார்ப்பது, உடம்பு துடைப்பது, மலம் எடுப்பது, தண்ணீர் இறைப்பது, நாலு மணிக்குப் பெரிய டாக்டருக்குக் காப்பி கொண்டுபோவது, எல்லாம் நாங்கள்தான். வார்டில் நர்ஸ் உட்காரக் கூடாது என்று ஒரு சட்டம். உட்கார்ந்தால் சோம்பல் வருமாம். பெரிய டாக்டர் அதை உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். சாப்பிட நேரம் என்று ஒன்று எங்களுக்கு இல்லவே இல்லை.

ஒரு மத்தியானம் தலை சுற்றி ட்ரேயோடு விழுந்தேன். பெரிய டாக்டர் ஓடி வந்தார்.

"தெர்மாமீட்டர் உடைஞ்சுதா?"

உடையவில்லை. அதற்குமேல் அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை, போய்விட்டார். என்னைத் தூக்கி உட்காரவைத்தது அண்ணாச்சி.

"காலம்பற என்ன பிள்ளே தின்ன?"

"கட்டன் சாயா."

"மத்தியானம்?"

நான் கீழே கிடந்த ட்ரேயை எடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலுக்குப் போனார்.

மறுநாள் முதல் வாசலில் பிடிபட்ட சோற்றுக்குப் புது வழி பிறந்தது. அதுவரை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர் நியாயம் பேச ஆரம்பித்தார்: "வே, இது உம்ம மொவன் வயித்துல போனா அவன் போவான். அவனைப் பாக்குத நர்ஸு பிள்ளைக்க வயித்துல போனா அவன் பொழைப்பான். நல்லா ரோசிச்சுச் சொல்லும்."

பாதிப் பேர் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். மீதிப் பேர் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனார்கள். காவல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு வந்தது. நான் தின்னும்போது எஸ்தர் வார்டைப் பார்ப்பாள், அவள் தின்னும்போது நான். யாராவது எங்களைத் தேடி வந்தால் அண்ணாச்சி குறுக்கே நிற்பார்.

"ஆளு சாவக் கெடக்கா? இல்லேன்னா பத்து நிமிஷம் நில்லும்."

சாப்பிட்ட நர்ஸுக்குக் கை நடுங்காது. மருந்தின் அளவு தப்பாது. நோயாளி கூப்பிட்டால் எரிந்து விழமாட்டாள். வாசலில் நிற்கிறவருக்குத் தெரிந்த இந்தச் சங்கதி, சீமையில் படித்துவிட்டு வந்த பெரிய டாக்டருக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் நாங்கள் இப்படித்தான் தின்றோம், வெட்கப்பட்டு அல்ல.

அப்புறம் வந்தார் குலசேகரத்து ரப்பர் தோட்ட முதலாளி. அவருடைய ஒரே மகன் டைபாய்டில் கிடந்தான், அவனைப் பார்த்துக்கொண்டது நான். முதலாளியின் மனைவி தினமும் பித்தளைத் தூக்கோடு வருவாள், தூக்கு அண்ணாச்சியிடம் போகும். பதினெட்டாம் நாள் விஷயம் முதலாளி காதுக்குப் போனது. மகன் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான், அவன் சோற்றை நர்ஸ் தின்கிறாள்! நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போனார்.

என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. 'நோயாளியின் சோற்றைத் தின்றேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இன்றோடு போகச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். என் வேலையை நம்பி வீட்டில் ஐந்து பேர். அந்தக் காகிதத்துக்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் என்னைச் சேர்க்காது.

யாரும் கூப்பிடாமலே அண்ணாச்சி உள்ளே வந்தார்.

"தின்னது இவ. தின்னச் சொன்னது நான். எழுதணும்னா எனக்க பேரை எழுதுங்க."

"எனக்க வீட்டுச் சோத்தைப் பங்கு வைக்க நீ யாருலே?" என்று முதலாளி கத்தினார்.

"முதலாளி, மொத நாளு கொண்டாந்த புளிமுள மீன்கறியை உம்ம மொவன் தின்னிருந்தா, நேரத்தே பதினாறாம் நாள் அடியந்திரம் முடிச்சிருப்பேரு."

முதலாளி கையை ஓங்கினார். கதவோரம் நின்ற அவர் மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"கையை எறக்குங்க. நாலாம் நாளே இந்த அண்ணாச்சி எனக்கு வெவரம் சொல்லியாச்சு. அதுக்குப் பொறவு நான் மொவனுக்குக் கொண்டுவரல்ல. இந்தப் பிள்ளைக்குன்னுதான் பொங்கிக் கொண்டு வாரேன்."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்களே கொண்டுபோய் அவன் வாயில ஊட்டியிருப்பிய."

மகனுக்கு அன்று காலையில்தான் காய்ச்சல் இறங்கியிருந்தது. சார்ட்டை எடுத்து முதலாளி முன்னால் வைத்தேன். பார்த்தார். வெளியே போனார்.

டாக்டர் காகிதத்தைக் கிழித்தார். மன்னிப்பா? இன்றுவரை காத்திருக்கிறேன். பதிலுக்கு ஒரு உத்தரவு போட்டார்: காவல்காரர் யாருடைய பாத்திரத்தையும் தொடக் கூடாது. அண்ணாச்சி தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மோந்தார்.

இப்போதும் மேடைதோறும் நர்ஸுகளைத் தெய்வம் என்கிறார்கள். தெய்வத்துக்காவது வேளாவேளைக்குப் படையல் நடக்கிறது.

காகிதம் கிழிந்த அன்று மத்தியானம் பெஞ்சில் அழுதுகொண்டே தின்றேன்.

"அழுதா மூக்கடைக்கும் பிள்ளே. மூக்கடைச்சா ருசி தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, நீங்க தின்னியளா?"

"அது கெடக்கட்டு."

மூன்று வருடம் அந்தப் பெஞ்சில் தின்றிருக்கிறேன். டாக்டரை இத்தனை திட்டுகிற நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. "வாசல்ல ஆளு வருது" என்று எழுந்தார். வாசலில் ஒருவரும் இல்லை. தோளைப் பிடித்து உட்காரவைத்து, பாதிச் சோற்றை வேறு இலையில் வைத்துக் கொடுத்துவிட்டு, அவர் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அவருடைய மூக்கு எனக்கு இல்லை. அதனால் அவர் தின்று முடிக்கும்வரை ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.