முதல் லோடு முருகர்

மானாம்பதி,
ஞாயிறு, முற்பகல்.

சிரஞ்சீவி ஜெகந்நாதனுக்கு, உன் அக்கா வீட்டுக்காரர் சூர்யநாராயணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம், உன் அக்கா ஆண்டாளம்மாள் சௌக்கியம், வண்டி பரம சௌக்கியம். அபிராமைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். கூரத்தில் நீயும் ஸ்ரீலக்ஷ்மியும் குழந்தை இந்துவும் சுகமாக இருக்க, தைப்பூசத்துக்குப் பெருநகர் ஆற்றுக்கு வரும் சாமிகள் அத்தனை பேரும் துணையிருக்கட்டும், எங்கள் தெரு முருகர் ஒருவரைத் தவிர. அவரை ஏன் தவிர்த்தேன் என்பது இந்தக் கடிதத்தைப் படித்தால் உனக்கே விளங்கும்.

டீசல் பிக்கப் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், நல்லது கெட்டது சொல்லுங்கள் மாமா என்று நீ போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா போனைப் பிடுங்கி, தாராளமாய் வாங்கு, லட்சுமி வூடு தேடி வர்றா என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது அவள் சொன்னதாக இருக்கட்டும். பஸ் டெப்போவில் முழு சர்வீஸும் டீசல் கணக்கு எழுதியவன் நான். எழுத்தில் சொல்கிறேன், நிதானமாகப் படி.

முதலில் நல்லது. டீசலுக்கு இழுவை அதிகம். ஏரிக்கரை மேட்டில் லோடோடு ஏறும்போது பெட்ரோல் வண்டி முக்கும், இது முனகக்கூட முனகாது. களத்துச் சேற்றில் சக்கரம் புதைந்தாலும் முதல் கியரில் மெல்ல விட்டால் தானே வெளியே வந்துவிடும். மைலேஜும் குறையில்லை. கெட்டது என்று பார்த்தால் சத்தம் உண்டு, விலை கொஞ்சம் கூட, பிறகு புகைவடிகட்டி என்று ஒன்றை இப்போது அடியில் வைத்திருக்கிறார்கள். ஓடுகிற வண்டிக்கு அதனால் தொந்தரவில்லை. தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வருகிற வண்டியாக இருந்தால் அதில் கரி அடைத்து டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அப்போது வண்டியை நெடுஞ்சாலைக்கு ஏற்றி அரைமணி நேரம் நிற்காமல் விரட்டினால் கரி எரிந்து விளக்கு அணையும். என் வண்டிக்கு வாரம் தவறாமல் அந்த விளக்கு எரிகிறது. நானே வந்தவாசி ரோட்டில் காலி வண்டியை விரட்டிக்கொண்டு போய்வருகிறேன். இந்த வயதில் லைசென்ஸ் எடுத்ததற்கு அந்த உபயோகமாவது இருக்கிறது.

வாங்கும்போது அபிராம் கேஸ் வண்டி போதும் நைனா என்றான். கேஸ் போட வரிசையில் நின்றே உனக்குக் கல்யாண வயசு தாண்டிவிடும் என்று நான்தான் டீசலில் பிடிவாதமாக நின்றேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. என் வருத்தமெல்லாம் முதல் லோடில்தான்.

அபிராம் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருந்தது உனக்குத் தெரியும். நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்து, பொங்கலுக்கு வந்தபோது பிள்ளை கண்ணெல்லாம் உள்ளே போய் அடையாளமே மாறிக் கிடந்தான். இனிமேல் போகவேண்டாம்டா, ஒரு வண்டி வாங்கித் தருகிறேன், ஊரோடு இருந்து லோடு அடி என்று நான்தான் கூப்பிட்டேன். வண்டி வந்து நின்ற அன்றைக்கே கிருஷ்ணசாமி வந்து, தன் கழனிக்கு எரு அடிக்கவேண்டும் என்று போணிக்கு ஆள் தயாராக நின்றார். அபிராமும் சரியென்றான். எனக்கோ மனசு கேட்கவில்லை. புத்தம் புது வண்டிக்கு முதல் லோடு எருவா? அதே சமயத்தில் கோயில் தர்மகர்த்தா வேதகிரி, வழக்கமாகச் சாமி தூக்கும் டிராக்டர் படுத்துக்கொண்டது, தைப்பூசத்துக்கு முருகரை ஆற்றுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று தெருவில் புலம்பிக்கொண்டு போனார். அவர் என்னைக் கேட்கவில்லை. நானே வலியப்போய், என் வண்டி இருக்கும்போது என்ன கவலை என்று கையைப் பிடித்து அழைத்துவந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று எழுத வருகிறது. முருகா, மன்னித்துக்கொள்.

அன்றைக்கு நீ பார்த்திருக்கவேண்டும். வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு போட்டு, வள்ளி தெய்வானையோடு முருகர் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் முகமே மாறிவிட்டது. ஆற்று மணலில் மற்ற ஊர் டிராக்டர்கள் திணறி நிற்கும்போது நம்முடையது அசராமல் போயிற்று. டீசல் இழுவை. ஜனங்கள் முருகருக்குக் காட்டிய கற்பூரத்தைப் போகிற போக்கில் பம்பருக்கும் காட்டினார்கள். அபிராம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்துகொண்டிருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் எரு ஏற்ற வண்டியைக் கொண்டுபோனால் கிருஷ்ணசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடுகிறார். "நேத்து சாமி குந்துன எடத்துல எருவக் கொட்டச் சொல்றியா? என் கண்ணு அவிஞ்சி பூடும்பா," என்று சொல்லிவிட்டு, டயரில் ஒட்டியிருந்த ஆற்றுமணலைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டு வேறு வண்டி பார்க்கப் போய்விட்டார். சரி, எரு இல்லாவிட்டால் நெல் என்று பார்த்தோம். மூட்டை ஏற்ற வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே நின்றார்கள். மேலே ஏறி நின்று அடுக்கினால்தானே லோடு? முருகர் உட்கார்ந்த இடத்தில் கால் வைக்கமாட்டோம் என்று சாதித்து, கை எட்டிய வரைக்கும் ஓரத்தில் வைத்துவிட்டு முடிந்துபோயிற்று என்றார்கள். உத்திரமேரூரில் மக்பூல் கோழி மொத்த வியாபாரம் செய்கிறார், அவருக்கென்ன இந்தச் சங்கடம் என்று அவரிடம் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, "எனக்கு ஒண்ணும் இல்ல சார். உங்க ஊரு சாமி வண்டில நான் கோழி ஏத்தினா, நாளைக்கு எவனாவது ஒண்ணு சொல்லுவான். அப்புறம் எனக்குதான் பேஜார்," என்றார். அந்த மனுஷனை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

லோடே வரவில்லை என்று நினைத்துவிடாதே. வந்துகொண்டேயிருக்கிறது. பால்குடம், பந்தக்கால், அன்னதான அண்டா, எந்த ஊர்க் கோயிலில் எது நடந்தாலும் நம் வண்டிதான். சாமி காரியத்துக்கு வாடகை கேட்க எனக்கு வாய் வரவில்லை, கொடுக்க அவர்களுக்குக் கை வரவில்லை. சுண்டல் மட்டும் தாராளமாக வருகிறது. இதற்கு நடுவில் குழந்தையில்லாத ஒரு பெண் பின்கதவுக் கொக்கியில் மஞ்சள் துணியால் தொட்டில் கட்டிவிட்டுப் போனாள். சித்திரையில் அவளுக்குக் கரு தங்கியது. நல்ல சேதிதான், நூறு வயசு இருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பின்கதவைத் திறக்க முடிந்ததில்லை, அவ்வளவு தொட்டில். உன் அக்கா தினமும் வண்டிக்கு முன்னால் கோலம் போட்டு வைத்துவிட்டு, அது அழியக்கூடாது என்பதால் உச்சிப்பொழுது வரைக்கும் வண்டியை எடுக்கவிடமாட்டேன் என்கிறாள். பிரியாணி சாப்பிட்டால் அன்றைக்கு முழுக்க அபிராம் சாவியைத் தொடக்கூடாது என்றும் ஒரு சட்டம். நண்பன் கல்யாணத்துக்குப் போய்ப் பாவம் அவன் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தான்.

போன வாரம் மறுபடியும் மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் கிளம்பத் தயாரானபோது அபிராம் வண்டிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "சும்மா கீறதாலதான் நைனா வண்டி கெட்டுப்போவுது. நானும் அப்டிதான் கீறேன். கம்பெனில திரும்பக் கூப்புட்றாங்க, போவட்டுமா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவன் அனுமதி கேட்டான். நான் வண்டியை எடுத்துக்கொண்டுபோய் வந்தவாசி ரோடு முழுக்க ஓட்டிக்கொண்டே அழுதேன், மச்சான். பெற்ற பிள்ளையை வேலையிலிருந்து வரவழைத்து, என் பெருமைக்காக அவன் பிழைப்பில் முருகரை உட்காரவைத்தவன் நான்தானே.

திரும்பி வந்ததும் நேரே குருக்களிடம் போனேன். கோயில் திருப்பணிக்கு முன்னால் மூலவருடைய சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்கிறீர்களே, அந்த மாதிரி என் வண்டிக்குச் செய்து விட்டுவிடக்கூடாதா என்று கேட்டேன். வண்டிக்கெல்லாம் ஆகமத்தில் வழியில்லை என்று அவர் தயங்கினார். அபிராமின் கதையைச் சொன்னதும், இல்லையென்றும் எங்கும் எழுதவில்லை என்று இறங்கிவந்தார். வேதகிரிக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று, ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

இன்றைக்குக் காலையில் நம் வாசலிலேயே அது நடந்தது. ஸ்டியரிங்கில் தர்ப்பைக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கும்பத்தில் கட்டி, குருக்கள் மந்திரம் சொல்லச் சொல்ல ஊரே கைகூப்பி நின்றது. தொட்டில் கட்டின பெண்கள் அவரவர் தொட்டிலை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். சக்தி இறங்கிவிட்டது, இனி இது சாதாரண வண்டி என்று குருக்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அபிராம் அந்த நிமிஷமே செருப்புக் காலோடு பின்னால் ஏறி, பலகை அதிரக் குதித்தான். பொங்கலுக்குப் பிறகு அவன் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். உத்திரமேரூருக்குப் போன் போட்டுச் சொன்னோம். நாளைக்கே கோழி ஏற்றலாம் என்று மக்பூலும் சம்மதித்துவிட்டார். கம்பெனிக்கு வரவில்லை என்று அபிராம் சொல்லிவிட்டான். குருக்கள் முட்டிவலியோடு வெகுநேரம் நின்றதால் இளநீர் குடித்துவிட்டு இளைப்பாறுகிறார். கும்பம் பந்தலில் இருக்கிறது, இனி அதைக் கோயிலில் சேர்க்கவேண்டியதுதான் பாக்கி. அந்த இடைவெளியில்தான் மனசு லேசாகி உனக்கு இதை எழுதுகிறேன்.

ஆகவே ஜெகந்நாதா, தயங்காமல் டீசல் பிக்கப்பே வாங்கு. ஆனால் வண்டி வந்த அன்றைக்கு எருவோ கோழியோ கருவாடோ, எதையாவது ஏற்றி ஊரறிய ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வா. அதற்குப் பிறகு சாமியே நேரில் வந்து கேட்டாலும், வண்டி தீட்டு என்று பணிவாகச் சொல்லிவிடலாம். ஸ்ரீலக்ஷ்மிக்கும் இந்துவுக்கும் என் ஆசிகள். உன் வீட்டு உலையும் உன் வண்டி இன்ஜினும் ஒருநாளும் ஆறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்
சூர்யநாராயணன்

பி.கு.: ஞாயிறு, மாலை. மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள். கடிதத்தை மடித்துவைத்துவிட்டு வெளியே வந்தால் குருக்கள் கும்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். கோயில் ஏரிக்கரைக் கோடியில் இருக்கிறது, உச்சி வெயில், வரச்சொன்ன ஆட்டோ வரவில்லை, அவர் முட்டி மடங்கித் தள்ளாடுகிறார். அபிராமுக்கு இளகின மனசு. "ஏறுங்க சாமி, நான் வுட்றேன்," என்றான். அவர் கும்பத்தோடு ஏறினார். வேதகிரி பின்னால் ஏறினார். நான் குடை பிடித்து ஏற்றிவிட்டுக் கூடவே ஏறிக்கொண்டேன். எங்கள் நாலு பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்கவேண்டும், உறைக்கவில்லை. கோயில் வாசலில் மணி அடித்து, வேதகிரி கும்பத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, பழக்கத்தில் பம்பருக்கும் காட்டியபோதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மக்பூல் போன் செய்து, "மறுபடியும் ஏத்திட்டீங்களாமே சார்," என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

அபிராம் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது பார்த்தேன், காலில் செருப்பில்லை. ஏறும்போதே கழற்றி நம் வாசலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கும் கால் வைக்க மனசு வரவில்லை என்றால் அப்புறம் ஊரைச் சொல்லி என்ன?

நீ வண்டி வாங்கு. டிரைவருக்கு வேறு ஆள் தேடாதே, அபிராமை அனுப்புகிறேன். நைட் ஷிப்டுக்கு அவனை மறுபடியும் அனுப்ப எனக்குத் தெம்பில்லை. நல்ல கை, மாமன் வீட்டில் இருந்தால் வேளைக்குச் சாப்பிடவும் செய்வான், அவன் பிரியாணி கேட்டால் வாங்கிக் கொடு. உன் அக்கா தேங்காய் பூசணிக்காயோடு உன் வண்டிக்குப் பூஜை போட வருகிறேன் என்கிறாள். வரவேண்டாம் என்று நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

அவனை அனுப்பிவிட்டு இந்த வண்டியோடு தனியாக என்ன செய்வீர்கள் என்று நீ கேட்பாய். வாரம் ஒருமுறை மஞ்சள் விளக்கு எரியுமே, மச்சான். இனிமேல் வந்தவாசிப் பக்கம் போகமாட்டேன். விளக்கு அணைய எவ்வளவு தூரம் ஓடவேண்டுமோ, கூரம் அதற்குச் சரியாக இருக்கும்.