இவன் அவன்தானா?

"இவன் அவன்தானா தம்பி?"

படம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையில், தரையிலிருந்து வானத்தை நோக்கி மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மழைக்கு நடுவே செம்பு நிறத்தில், நான்கு கைகளோடு ஒருவன் வந்து நின்றான். அரங்கமே வாயைப் பிளந்தது. பெரியவர் மட்டும் பக்கத்து இருக்கைப் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"எவன் சார்?" என்றான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்.

"இப்ப வந்தவன். முதல் பாகத்துல வந்த ஆளா, புது ஆளா?"

குளிரூட்டப்பட்ட அரங்கில் அவனுக்கு வியர்த்தது. அவன் முதல் பாகத்தைப் பார்த்ததே இல்லை. ஆறு நாள் அடுத்தவர் கண்ணுக்கு அளவெடுப்பவன், ஏழாம் நாள் தன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பதையே பெரிய பொழுதுபோக்காக வைத்திருந்தான். ஆனால் போன வாரம் பெரியவர் தொலைபேசியில், "முதல் பாகம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டபோது, "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! எனக்கு மனப்பாடம்" என்று வாய் முந்திக்கொண்டது. பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் கேட்கிறார். 'இல்லை' என்று எப்படித் தொடங்குவது?

அவளுக்கும் அவனுக்கும் பிடித்துப்போயிருந்தது. மிச்சம் அவள் அப்பாவின் சம்மதம்தான்.

"அப்பாகூட ஒரு படம் பாத்துட்டு வாங்க. அவ்வளவுதான்" என்றிருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." சொல்லிவிட்டு ஏனோ அவன் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

பெரியவர் லிஃப்ட்களைச் சோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். புது லிஃப்டில் மணல் மூட்டைகளை அடுக்கி, தாங்கும் என்று எழுதிய எடைக்கும் கொஞ்சம் கூடவே ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, கம்பி முனகவில்லை என்றால்தான் கையெழுத்துப் போடுவாராம். அப்படிப்பட்டவர் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"அவனேதான் சார். கதாநாயகனோட அண்ணன்."

"சரி, அந்தப் பொண்ணு?"

"அவனோட தங்கச்சி சார்."

அடுத்த காட்சியில் அண்ணன் தங்கையை நான்கு கைகளாலும் அணைத்து, உதட்டில் முத்தமிட்டான்.

பெரியவர் முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "தம்பி…"

"வளர்ப்புத் தங்கச்சி சார்! தத்து எடுத்தது!"

"அப்பவும் தப்புதானே?"

"அதானே சார் முதல் பாகத்துல பெரிய பிரச்சினையே! அந்தக் கிரகமே ரெண்டுபட்டுப் போச்சு."

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாளின் குரல் வந்தது. "அதுக்குத்தான் இப்படி அடிச்சிக்கிறாங்களா? நான் ஏதோ தண்ணித் தகராறுன்னு நெனச்சேன்."

திரையில் ஆறு கால்களும் உடம்பெல்லாம் விளக்குகளுமாக ஒரு விலங்கு வந்தது. தங்கச்சி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"இதைக் கட்டிக்கிட்டு எதுக்கு அழறா?"

"அது அவங்க அம்மா சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

"அம்மாவா!"

"முதல் பாகத்துக் கடைசியில இப்படி மாறிட்டாங்க சார். அந்த மழையில நனைஞ்சா அப்படித்தான்."

உடனே திரையில் ஊர் முழுக்க அந்த மழையில் நனைந்து ஆடியது. ஒருவருக்கும் ஒரு கால்கூட அதிகம் முளைக்கவில்லை.

"இவங்க யாரும் மாறலியே தம்பி?"

"கல்யாணமானவங்களுக்கு மட்டும்தான் சார்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று பின்வரிசை அம்மாள் தன் வீட்டுக்காரரை இடித்தாள்.

முன்வரிசைக்காரர் திரும்பினார். சத்தம் போடாதே என்று சொல்லப்போகிறார் என்று அவனுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அவரோ, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி, இங்கயும் ஒண்ணும் விளங்கல" என்றார்.

இடைவேளையில் விளக்கு எரிந்ததும் பெரியவர் அவனையே பார்த்தார். "முகம் வாடியிருக்கே. வேலை ஏதாவது இருந்தா அப்படியே கிளம்புங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

வெளியே வந்தான். கதைச் சுருக்கத்தையாவது படித்துவிடலாம் என்று கைபேசியில் தேடினான். முதல் வரியே, கதாநாயகன் பெற்றோருக்கு ஒரே பிள்ளை என்றது. இரண்டாவது வரியைப் படிக்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை.

எதிரே வாசல் திறந்திருந்தது. வெயில், சாலை, பேருந்து நிறுத்தம். இரண்டே எட்டு. பெரியவரே அனுமதியும் கொடுத்துவிட்டார். அவள் அழுத்திய கை மட்டும் இன்னும் கதகதவென்று இருப்பதுபோல் தோன்றியது. சோளப்பொரி இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினான்.

"வந்துட்டீங்களா?" என்று பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கேக்கறேன். அண்ணனுக்கு ஏன் நாலு கை, தம்பிக்கு ஏன் ரெண்டு?"

இரண்டாம் பாதியில் கேள்விகள் இரட்டிப்பாயின. முன்வரிசையும் பின்வரிசையும் தங்கள் பங்குக்குக் கேட்டன. அவன் ஒரு சித்தப்பாவைப் படைத்தான். பத்து நிமிடத்தில் சித்தப்பா எதிரியாகிவிடவே, அவரைச் சித்தப்பாவின் பங்காளியாக மாற்றினான். திரையில் கண்ணாடிக் கடல் உடைந்து சிதறியது. சில்லுகள் முகத்துக்கு நேரே பறந்து வந்தன. மற்ற வரிசைகளெல்லாம் கை தட்டின. இந்த மூன்று வரிசை மட்டும், "பங்காளிக்கு என்ன ஆச்சு?" என்றது.

அப்போதுதான் அந்த விலங்கு அம்பு பட்டுச் சாய்ந்தது.

"ஐயோ, அம்மா போயிட்டாளே!" என்று பின்வரிசை அம்மாள் தேம்பினாள். முன்வரிசைக்காரரும் மூக்கை உறிஞ்சினார்.

ஓரத்தில் செம்பு மனிதன் படம் போட்ட சட்டையோடு இருந்தவர் பொறுக்கமுடியாமல் எழுந்துவிட்டார். "அது அம்மா இல்லீங்க! வாகனம்! குதிரை மாதிரி ஏறிப் போறதுக்கு!"

"பெத்தவளைப் போய் குதிரைங்கறீங்களே, நாக்கு கூசல?" என்றாள் பின்வரிசை அம்மாள்.

"நான் முதல் பாகம் பாத்தவனுங்க!"

"இந்தத் தம்பிக்கு மனப்பாடங்க!" என்றார் முன்வரிசைக்காரர்.

"யார் சொல்றது சரி தம்பி?" என்றார் பெரியவர். இருட்டில் மூன்று வரிசைக் கறுப்புக் கண்ணாடிகளும் அவன் பக்கம் திரும்பின.

"ரெண்டுமே சரிதான் சார்" என்றான். "அம்மாதான். ஆனா எல்லாரையும் சுமக்கிறாங்க."

"அம்மான்னா சுமக்கத்தானே வேணும்" என்று பின்வரிசை அம்மாள் ஓவென்று அழுதாள். சட்டைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

படம் முடிந்து வெளியே வந்தால், மக்கள் கருத்துக் கேட்க ஒலிவாங்கியும் கேமராவுமாக ஒருவர் நின்றிருந்தார். அகப்பட்டவள் அந்த அம்மாள். "காட்சியெல்லாம் கண்ணைப் பறிக்குதுங்க. ஆனா கண்ணுல தண்ணி வந்தது அந்தப் பங்காளித் துரோகத்துக்குத்தான். அந்தத் தம்பியையே கேளுங்க, அவருதான் எல்லாம் சொன்னாரு!"

ஒலிவாங்கி அவனைத் தேடித் திரும்பியது. அவன் பெரியவரின் முழங்கையைப் பிடித்து, கண்ணாடிகளைத் திரும்ப வாங்கும் மேசைப் பக்கம் ஒதுங்கினான். நாளைக்கு இது ஊரெல்லாம் ஓடும். பெரியவர் எப்படியும் பார்ப்பார். அதற்குமுன் தானே சொல்லிவிடுவது மேல்.

"சார், ஒரு விஷயம். நான் முதல் பாகம் பாக்கவே இல்ல. உங்களுக்கு 'தெரியாது'ன்னு சொல்ல மனசு வரல. அண்ணன், தங்கச்சி, அம்மா, பங்காளி, எல்லாமே என் கற்பனை."

"அப்படியா" என்றார் பெரியவர். கோபமா, ஏமாற்றமா, எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்து, மேசைமேல் மெதுவாக வைத்தார்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று அவனும் தன் கண்ணாடியைக் கழற்றினான்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண், காலையில் அவனிடம் கண்ணாடியைக் கொடுக்கும்போது மேலும் கீழும் பார்த்து, "நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று இரக்கத்தோடு சொன்னவள், இரண்டையும் கூடையில் போட்டபடி பெரியவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்கய்யா, முந்தி நீங்க கூட்டிட்டு வந்த ரெண்டு மாப்பிள்ளைங்களும் இடைவேளையோட ஓடிட்டாங்களே, இவருகிட்டயும் அதே கேள்வியெல்லாம்தான் கேட்டீங்களா?"