மாமாவின் கொங்கிரீட் போர்த்துக்கேயம்

ஒரு விஷயம் கால்வாசி தெரிந்தால், முழுவதும் தெரியும் என்று சொல்லிவிடுவது என் வழக்கம். (மீதி முக்கால்வாசியை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான்.) ஆனால் கேட்டாள், எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி.

என் தங்கை குடும்பத்தோடு ரொறன்ரோ வந்தபோது, நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட் பக்கம் வராமல், கணவரின் வேலைக்குக் கிட்ட என்று நகரின் மேற்கே ஒரு பேஸ்மென்ட் வாடகைக்கு எடுத்தாள். அங்கே மகள் அபியின் வகுப்பில் புதிதாக வந்தவர்கள் நான்கு பேர். மற்ற மூவரும் பிரேசில் பிள்ளைகள். அவர்கள் தங்களுக்குள் போர்த்துக்கேயம் பேசிச் சிரிக்க, ஆங்கிலமும் இன்னும் பிடிபடாத அபி இடைவேளை முழுவதும் மதிலோரம் நின்றாள்.

"அண்ணை, ரெண்டு மாசமா பிள்ளை ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுறாள்," என்றாள் தங்கை.

"உதுக்குப் போய் அழுறதே? போர்த்துக்கேயம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. நான் படிப்பிக்கிறன்."

முழுப் பொய் இல்லை. எட்டு வருடம் போர்த்துக்கேயர்களோடு கொங்கிரீட் வேலை செய்தவன் நான். என்ன, எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபோர்மன் என்னைப் பார்த்துச் சொன்னவைதான்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் படிப்பித்தேன். "தூக்கு." "கெதியாத் தூக்கு." "உதை எந்த மாடு இஞ்சை வைச்சது?" தொனியில் அபி ஃபோர்மனையே மிஞ்சினாள்.

"மாமா, 'என்னையும் விளையாடச் சேப்பியளோ' எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

எட்டு வருடத்தில் அப்படி ஒரு வசனம் என் காதில் விழவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "உது அடுத்த பாடம்," என்றேன்.

அடுத்த பாடத்துக்கு முன்பே பள்ளிக்கூடம் அழைத்தது. "நீங்களே போங்கோ," என்றாள் தங்கை. போனால், ஆசிரியைக்குப் பக்கத்தில் அபி, அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பிரேசில் சிறுமி, அவளுடைய தாய். மூன்று சிறுமிகளும் பனியில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு அபி போய், இடுப்பில் கைவைத்து, நான்கு பாடங்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறாள்.

அந்தத் தாய் என்னிடம் போர்த்துக்கேயத்தில் நீளமாக ஏதோ கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குச் சொல் தெரியவில்லை. (ஃபோர்மன் என்னிடம் அதைப் பாவித்ததில்லை.) மாமா காப்பாற்றுவார் என்று அபி என் வாயையே பார்த்தபடி நின்றாள். தெரிந்ததில் ஆகப் பணிவான வசனத்தை, நான் ஃபோர்மனுக்குச் சொல்லும் ஒரே போர்த்துக்கேய வசனத்தை, எடுத்துவிட்டேன்.

"முதலாளி, கலவை முடிஞ்சுது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் கணவரும் கொங்கிரீட்தான்," என்றார் ஆங்கிலத்தில். "பிள்ளையைச் சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு அனுப்புங்கள். நீங்கள் வரவேண்டாம்."

அபிக்கு இப்போது பதின்மூன்று வயது. பிரேசிலிலிருந்து புதிதாக யார் வந்தாலும் ஆசிரியர்கள் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒரு அன்ரி, பதில் தெரிந்துகொண்டே கேட்பார்: "போர்த்துக்கேயம் படிக்க எவ்வளவு காலம் எடுத்தது, பிள்ளை?"

"ரெண்டு வருசம், அன்ரி. மாமா படிப்பிச்சதை மறக்க ஒரு வருசம், பிறகு படிக்க ஒரு வருசம்."