சாயம் போகாத வண்டி

ராகு காலம் தொடங்கப் பன்னிரண்டு நிமிஷம்தான் இருந்தது. அதற்குள் வேலாயுதம் அந்த ஸ்கூட்டரை வாங்கியாக வேண்டும் என்று தரகர் கோதண்டபாணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"புதன்கிழமை பன்னெண்டு அடிச்சா ராகு காலம். அப்புறம் கோடி ரூபா குடுத்தாலும் கை நீட்டி வாங்க மாட்டேன். எங்கப்பா காலத்துலருந்தே அப்படித்தான்" என்றார் அவர், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.

வேலாயுதம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். இருபத்தைந்து வருஷத் தொழில். ஒரு புடவையை வெயிலில் ஒரு கணம் பிடித்துப் பார்த்தால் போதும், எந்தப் பட்டறைச் சாயம், எத்தனை தடவை முக்கியது, பழசுக்கு மறுசாயம் ஏற்றியதா என்று சொல்லிவிடுவார். அதனால் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவருக்கு ஓர் எண்ணம். பட்டறைக்கு வெளியே அதைச் சோதித்துப் பார்க்க இதுவரை சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

ஸ்கூட்டர்மேல் அவருக்கு ஆசை ஒன்றும் கிடையாது. பட்டுக்கடை முதலாளி ஆதிகேசவன் போன வாரம் கூப்பிட்டனுப்பி, "தீபாவளிக்கு செவிலிமேட்டுலயும் ஏனாத்தூர்லயும் புதுசா தறி போட்டிருக்கேன். காலையில காஞ்ச நூல் மத்தியானம் தறிக்காரன் கையில இருக்கணும். நீ சைக்கிள மிதிச்சுக்கினு போய்ச் சேர்றதுக்குள்ள கார்த்திகை வந்துடும். வண்டி வாங்கு. முடியாதுன்னா சொல்லு, வேற சாயக்காரரைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

தீபாவளி வேலைதான் வேலாயுதத்துக்குப் பாதி வருஷத்துச் சோறு. அது போனால் பட்டறையைப் பூட்டிவிட்டு வேறொருவரிடம் கூலிக்குப் போக வேண்டியதுதான். புது ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தால் ஏழெட்டு வருஷம் கழித்துக் கடிதாசி வருகிற காலம் அது. ஆகவே அவர் மனைவி மங்கையர்க்கரசியின் நான்கு வளையல்கள் ஆயிரத்தெண்ணூறு ரூபாயாக மாறி இப்போது அவர் மடியில் இருந்தன.

"யார் வண்டி இது?" என்று கேட்டார்.

"குருக்கள் வண்டி. பெரிய கோயிலுக்கும் சின்ன கோயிலுக்கும் போவாரு, வருவாரு. தேங்கா மூடிக்கு மேல பாரம் ஏத்தினதில்ல."

"எந்தக் கோயில் குருக்கள்?"

"என்னா மொதலியாரே, காஞ்சிபுரத்துல கோயிலுக்கா பஞ்சம்?"

வண்டியின் நிறம் வேலாயுதத்துக்குப் பிடிக்கவில்லை. பச்சை என்றும் சொல்ல முடியாது, சாம்பல் என்றும் சொல்ல முடியாது. அழுக்குத் துணி அலசிய தண்ணீர் அந்த நிறத்தில் இருக்கும். ஆனால் நிறத்துக்காகவா வாங்குகிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"ஒரு தடவ ஓட்டிப் பார்த்துடறேனே."

கோதண்டபாணியின் முகம் வாடிவிட்டது. "பூஜை போடாம ஓட்டறதா? தறியில புதுப் பாவு ஏத்தினா பூஜை போட்டுட்டு நெய்வீங்களா, நெய்ஞ்சு பார்த்துட்டுப் பூஜை போடுவீங்களா?"

நெய்து பார்த்துவிட்டுப் பூஜை போட்டவர் வேலாயுதத்தின் குலத்தில் யாரும் கிடையாது. அந்தச் சமயம் பார்த்து வாசலில் ஒரு ஆள் தலையை நீட்டி, "அந்த ஸ்கூட்டரு இருக்குதாபா, வித்துட்டியா?" என்றான்.

"கொஞ்சம் வெளிய நில்லுபா. இவரு வேணாம்னா உனக்குத்தான்" என்று கோதண்டபாணி பதில் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. வேலாயுதம் மடியை அவிழ்த்தார்.

ஓட்டக் கூடாது என்பதால் வண்டியை வெயிலில் வீடுவரை தள்ளிக்கொண்டு போனார். சாயங்காலம் பிள்ளையார் கோயிலுக்கும் தள்ளிக்கொண்டுதான் போனார். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கோயில் வாசலில் வாங்கிய எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து, கற்பூரம் காட்டினார் குருக்கள். வேலாயுதம் சாமியை நினைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை உதைத்தார். பிறகு சாமியை நினைக்காமலும் உதைத்தார். முப்பத்தெட்டாவது உதையில் வண்டி உறுமி, ஒரு பெரிய புகையை நேராகச் சந்நிதிக்குள் அனுப்பிவிட்டு அடங்கியது.

"இது உங்க பழைய வண்டியா சாமி?" என்று வேலாயுதம் சந்தேகத்தோடு கேட்டார்.

"எனக்கு ஏதுங்க வண்டி? பெடல் தேய்ஞ்ச சைக்கிள் ஒண்ணு நிக்குது பாருங்க" என்றார் குருக்கள், புகையை மேல்துண்டால் விசிறியபடி.

மறுநாள் கோதண்டபாணியிடம் போனபோது அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "புது இடம். பழகணும் இல்ல? மெக்கானிக்கிட்ட ஒரு தடவ காட்டுங்க."

மெக்கானிக் அர்ஜுனன் இஞ்சினைப் பிரித்துக் கோணிப்பையின்மேல் பரப்பினான். வெகுநேரம் பார்த்தான்.

"என்னாபா இருக்குது?"

"என்னா இருக்குதுன்னு கேக்காதீங்க. என்னா இல்லன்னு கேளுங்க."

இருநூற்றைம்பது ரூபாய் ஆயிற்று. வண்டி ஓடியது. எண்ணெயும் ஓடியது. மூன்றாம் நாள் மாம்பழ மஞ்சளில் கல்யாணப் புடவைக்குச் சாயம் போட்ட நூலைக் கழி கழியாக முறுக்கி மூட்டையாகக் கட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு வேலாயுதம் செவிலிமேட்டுக்குப் புறப்பட்டார். பாதி வழியில் இறங்கிப் பார்த்தால் மூட்டையின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புத் தெறிப்பு.

பட்டில் பட்ட எண்ணெய்க் கறையைப் போக்க முடியாது. மறைக்கலாம். வேலாயுதம் பட்டறைக்குத் திரும்பி, அத்தனை கழிகளையும் அரக்குச் சாயத்தில் முக்கி எடுத்தார். உண்மையில் அருமையான அரக்கு. அன்றைக்கு இருந்த மனநிலையிலும் அதைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஆதிகேசவனுக்கு இல்லை. "மாம்பழக் கலர் கேட்டேன். அரக்கு வந்திருக்குது. பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட மாம்பழம் ரொம்பப் பழுத்துடிச்சுன்னு சொல்லட்டா?"

"மொதலாளி, வண்டியில ஒரு சின்ன கோளாறு."

"வர்ற வெள்ளி விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை, ஒன்பது மணி. ஓடற வண்டியோட கடை வாசல்ல நின்னா வேலை உனக்கு. இல்லன்னா வராத. காப்பி சாப்பிட்டுட்டுப் போ."

வேலாயுதம் காப்பியைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"வாங்கின எடத்துலயே திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

"கேட்டேன். ஐநூறு தர்றானாம். அதுவும் என் மூஞ்சிக்காகவாம்."

"அப்போ நாமே யாருக்காவது வித்துடலாம். இருக்கறத இருக்குதுன்னு சொல்லி வித்தா என்னா வரும்?"

"பழைய இரும்பு விலை வரும்."

அன்று ராத்திரி வேலாயுதத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. அதைப் பற்றி அவர் மனைவியிடம் விவரமாகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முனுசாமி என்கிற அரக்கோணத்து ஆள் வண்டி பார்க்க வந்தான். அவனை வேலாயுதம் சரியாக ஒரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து அர்ஜுனன் இஞ்சினைச் சூடாக வைத்திருந்தான்.

"யாரு வண்டிங்க?" என்றான் முனுசாமி.

"குருக்கள் வண்டி" என்றது வேலாயுதத்தின் வாய். "தேங்கா மூடிக்கு மேல ஏத்தினதில்ல. இன்னொண்ணு, ஒன்றரைக்கு ராகு காலம். அப்புறம் நான் பணத்த கையால தொட மாட்டேன்."

"ஓட்டிப் பார்க்கலாமா?"

"பூஜை போடாமலா?"

"சரிங்க" என்றான் முனுசாமி. வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான், ஆயிரம் ரூபாயை எண்ணி வைத்தான், தள்ளிக்கொண்டு போய்விட்டான். இவ்வளவு சுலபமாக ஒருவன் ஏமாறுவானா என்று வேலாயுதத்துக்கே சங்கடமாகிவிட்டது. தெருமுனை திரும்பும்வரை அவனைப் பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் உள்ளே வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் சங்கடம் போய்ச் சந்தோஷம் வந்தது.

"ஏமாந்தவங்க வயிறு எரிஞ்சா நமக்கு ஆகாதுங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

"என் வயிறு எரிஞ்சுதே, கோதண்டபாணிக்கு என்னா ஆச்சு? ரெண்டு சுத்து பெருத்திருக்கான்."

ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு ஓடுகிற வண்டி கிடைக்காது. மங்கையர்க்கரசி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. வேலாயுதம் அதைப் பார்க்க முடியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இந்தத் தடவை ஏமாந்தால் மனுஷனே இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டார்.

உள்ளூர்த் தரகர் யாரையும் அவர் நம்பவில்லை. வாலாஜாபாத்தில் பூவராகவன் என்கிற தரகரிடம் நல்ல வண்டி ஒன்று வந்திருப்பதாகப் பட்டறைக்கு வந்த ஒருவர் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கெல்லாம் அங்கே போய் இறங்கினார்.

"ராகு காலம் ஒன்றரைக்கு. நெறைய நேரம் இருக்குது. நிதானமா பார்க்கலாம்" என்றார் வேலாயுதம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

பூவராகவன் சற்றுத் திகைத்தார். "இது ஒரு டாக்டரோட..."

"டாக்டர் வேணாம். குருக்களும் வேணாம். வண்டிய மட்டும் காட்டு."

"மத்தியானம் ஒருத்தர் அட்வான்ஸோட வர்றேன்னு..."

"வரட்டும். அவருக்கே குடுத்துடு, நான் பஸ்ஸ புடிக்கிறேன்."

வண்டி வெளியே வந்தது. வேலாயுதம் எழுந்து நின்றுவிட்டார். ஆனந்தா நீலம். பட்டில் அந்த நிறத்தைக் கொண்டுவர அவருக்கே பத்து வருஷம் பிடித்தது. ஓர் இடத்தில் கூடக் குறையில்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஏறியிருந்தது. புது சீட்டு உறை, புதுக் கண்ணாடி.

மயங்கிவிடக் கூடாது என்று அவர் முதலில் உதைத்துப் பார்த்தார். மூன்றாவது உதையில் கிளம்பியது. கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நின்று போகவில்லை.

"நம்பர் பிளேட்டக் காணோமே?"

"புதுசா எழுதக் குடுத்திருக்குது. திங்கக்கிழம பஸ்ஸுல குடுத்தனுப்பறேன். புக்கும் கூடவே வரும்."

அதை அவர் காதில் பாதிதான் வாங்கினார். கைக்குட்டையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வண்டியின் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நறுக்கி, புளிப்பிலும் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"சாயம் போகல" என்றார் திருப்தியோடு.

"பெயிண்டு எங்கங்க போவும்?" என்றார் பூவராகவன். அவர் தொழிலில் இப்படி ஒரு சோதனையைப் பார்த்ததே இல்லை.

வேலாயுதத்தின் கணக்கு தெளிவாக இருந்தது. அந்தப் பழைய சனியனின் நிறமே அதன் யோக்கியதையைச் சொல்லியது. நாம்தான் கவனிக்கவில்லை. இவ்வளவு சுத்தமாக நிறம் ஏற்றுகிறவன் உள்ளேயும் சுத்தமாகத்தான் வைத்திருப்பான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் கேட்ட இடத்தில் பேசிப் பேசி ஆயிரத்தெண்ணூற்றைம்பதுக்கு முடித்தார். அந்த ஐம்பது ரூபாய் வெற்றி வீடுவரை அவருக்கு இனித்தது.

வரும் வழியில் வண்டி இரண்டு தடவை நின்றது. புது இடம், பழக வேண்டும் இல்லையா என்று அவரே அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மங்கையர்க்கரசியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பிள்ளையார் கோயில் வாசலில் வந்து இறங்கினார். ஒன்பது மணிக்கு ஆதிகேசவன் கடை. அதற்குள் பூஜையை முடித்துவிட வேண்டும். தெருவில் போன இரண்டு பேர் நின்று வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மங்கையர்க்கரசிகூட வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

கோயில் வாசலில் தரையில் சாக்கை விரித்து அன்னம்மாள் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அதே இடம். வேலாயுதம் வண்டியை அவள் முன்னால் நிறுத்தினார்.

"ரெண்டு பழம் குடும்மா. நல்ல உருண்டையா பார்த்துக் குடு. புது வண்டி."

அன்னம்மாள் பழத்தை எடுக்காமல் கழுத்தைச் சாய்த்து வண்டியைப் பார்த்தாள்.

"கலரு எப்படி?" என்றார் வேலாயுதம். யாராவது அதைப் பற்றிக் கேட்க மாட்டார்களா என்று அவருக்கு நேற்றிலிருந்தே இருந்தது. "தேய்ச்சாலும் போவாது. நானே சோதிச்சுத்தான் வாங்கினேன்."

"கலரெல்லாம் நிக்கிறவங்களுக்குபா. தரையில உக்காந்திருக்கிறவளுக்கு அடிவயிறுதான் தெரியும்" என்று அன்னம்மாள் இரண்டு பழங்களைப் பொறுக்கி அவர் கையில் வைத்தாள். "கிருஷ்ணாயில் டின்னு தகரத்துல ஒட்டுப் போட்டிருக்குதே, இந்த வண்டிக்கு நான் பழம் குடுக்கறது இந்த வருசத்துல இதோட அஞ்சாவது தடவ, அதுல ரெண்டு தடவ உனக்குத்தான்."